இழுவைக் கம்பி எங்கே உடைய வேண்டும்?

நின்றுபோன காரைக் கயிற்றில் கட்டி இழுத்து வருவதை நம் பக்கத்தில் யாரும் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை. தாம்புக்கயிறு, நைலான் கயிறு, லாரிக்காரரிடம் கேட்டு வாங்கிய சங்கிலி என்று கையில் எது சிக்குகிறதோ அதை இரண்டு வண்டிக்கும் நடுவில் முடிந்துவிட்டால் வேலை ஆயிற்று. "மெதுவா வாங்க, பாத்துப் பிரேக் புடிங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு முன்வண்டி கிளம்பிவிடும். சிரமமெல்லாம் பின்னால் இழுபடும் வண்டியில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குத்தான். சேலம் - கொச்சி நெடுஞ்சாலையில் பெருந்துறை தாண்டி எங்கள் கார் நின்றபோது அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். முன்னால் சித்தப்பாவின் பொலேரோ. நடுவில் ஒரு நைலான் கயிறு, கட்டிய பிறகு மூன்று மீட்டர் நீளம் இருந்திருக்கும்.

சமதரையில் ஒன்றும் தெரியவில்லை. கயிறு தொய்யாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று பிரேக்கில் லேசாகக் கால் வைத்தபடியே வந்தேன். அவிநாசிக்கு முன்னால் ஒரு மேம்பாலம். ஏறும்போது கயிறு விறைத்து நின்றது. உச்சி தாண்டி இறங்கத் தொடங்கியதும் என் வண்டி தானாக வேகமெடுத்து பொலேரோவின் பம்பரை நோக்கி ஓடியது. கயிறு தரையில் புரண்டது. பிரேக்கை மிதித்தால் இறங்கவில்லை. என்ஜின் ஓடாத காரில் பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அது முன்பே தீர்ந்திருந்தது. இருக்கையில் முதுகைக் கொடுத்து, முழு பலத்தையும் காலில் போட்டு மிதித்த பிறகுதான் வண்டி அடங்கியது. அதே நேரத்தில் சித்தப்பா பாலம் இறங்கிவிட்டோம் என்று ஆக்சிலரேட்டரை மிதித்தார். தரையில் கிடந்த கயிறு எழும்பி, விறைத்து, ஒரு வெட்டு வெட்டியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீடு வந்து சேர்ந்ததும் எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். நான் இயந்திர வடிவமைப்பில் வேலை பார்ப்பவள். அந்த ஒரு நொடியில் கொக்கிக்கு எவ்வளவு விசை போயிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

எங்கள் கார் ஆளோடு சேர்த்து 1,100 கிலோ, பொலேரோ 1,700 கிலோ, இரண்டுக்கும் அந்த நொடியில் மணிக்கு 5 கி.மீ. வேக வித்தியாசம் என்று வைத்துக்கொண்டேன். நைலான் கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கும். அதையும் சேர்த்துப் பார்த்தாலும் 900 கிலோ எடைக்குச் சமமான விசை வருகிறது. கயிற்றுக்குப் பதில் இரும்புச் சங்கிலி இருந்திருந்தால் இன்னும் பல மடங்கு. இதைப் பார்த்த பிறகு, கயிறு கட்டி இழுப்பது சரியான வழி என்று யார் சொன்னாலும் என்னால் தலையாட்ட முடியவில்லை. சட்டமும் இதை உணராமல் இல்லை. 1989-இல் வந்த சாலை ஒழுங்குமுறைகளிலேயே, இழுத்துச் செல்லும்போது இரண்டு வண்டிக்கும் இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக் கூடாது, வேகம் மணிக்கு 24 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது, பின்வண்டியின் பின்பக்கத்தில் 75 மி.மீ. உயர எழுத்தில் இழுத்துச் செல்லப்படும் வண்டி என்று எழுதித் தொங்கவிட வேண்டும் என்றெல்லாம் இருந்தது. அந்தப் பலகையை நான் சாலையில் பார்த்த ஞாபகம் இல்லை.

ஆகவே, காரின் டிக்கியில் கிடக்கும் அளவுக்குச் சின்னதாக, பலவிதமான வண்டிகளுக்கும் பொருந்தும்படி, ஒரு ஆளே எடுத்து மாட்டக்கூடியதாக ஒரு டோ பார், அதாவது கயிற்றுக்குப் பதில் இரண்டு வண்டியையும் இணைக்கும் இழுவைக் கம்பி, வரைய வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

இழுப்பதல்ல பிரச்சினை

டோ பார் என்று சொன்னதுமே எல்லோருக்கும் மனதில் வருவது இழுப்பதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் இழுப்பதற்கு ஆகும் விசை மிகவும் குறைவு. சமமான தார்ச்சாலையில் 1,100 கிலோ காரை ஒரே வேகத்தில் உருட்டிச் செல்ல 15 கிலோ விசை போதும். இரண்டு பேர் சேர்ந்து தள்ளினால் கார் நகர்கிறதே. பத்துக்கு ஒன்று என்ற கடுமையான ஏற்றத்தில் அதோடு இன்னொரு 110 கிலோ சேரும். நின்ற இடத்திலிருந்து நிதானமாகக் கிளம்ப 50, 60 கிலோ. எல்லாம் சேர்ந்தாலும் 200 கிலோவைத் தொடாது. அந்த விசைக்கு ஒரு சுண்டுவிரல் கனக் கம்பியே அதிகம்.

முன்வண்டி பிரேக் போடும்போதுதான் வேலை தொடங்குகிறது. பின்வண்டியின் பிரேக்கை நம்ப முடியாது என்று மேம்பாலத்திலேயே பார்த்துவிட்டேன். ஆக, முன்வண்டி தன்னையும் நிறுத்திக்கொண்டு பின்னால் வரும் 1,100 கிலோவையும் அந்தக் கம்பி வழியாகவே நிறுத்த வேண்டும். கொஞ்சம் அழுத்தமான பிரேக் என்றால், புவியீர்ப்பில் பாதி அளவுக்கு வேகம் குறைகிறது என்று வையுங்கள், கம்பிக்குள் 550 கிலோ விசை ஓடும், அதுவும் தள்ளுவிசையாக. இரும்புக் கம்பியை நீளவாக்கில் இழுத்து அறுப்பது கடினம்; நீளவாக்கில் அழுத்தினால் நடுவில் வயிறு தள்ளி வளைந்துவிடும். 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் இதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார். அதில் நீளம் இருமடியாக வருகிறது. நீளத்தை இரண்டு மடங்காக்கினால் தாங்கும் திறன் நான்கில் ஒன்றாகிவிடும். தள்ளுவிசையைத் தாங்க வேண்டிய ஒரு பொருளை மடக்கவும் நீட்டவும் கூடியதாகச் செய்வதென்றால், அதன் மிக மோசமான இடத்தில் நாமே கை வைக்கிறோம் என்று அர்த்தம். மடக்கு வைத்த இடமெல்லாம் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். ஆட்டம் இருந்தால் கோணல் வரும். அந்தக் கோணலிலிருந்துதான் வளைவு தொடங்கும்.

கிரேன் வண்டிக்காரர்களும் லாரி மெக்கானிக்குகளும் இதை ஏட்டில் படிக்காமலே அறிந்தவர்கள். அவர்கள் வைத்திருக்கும் கம்பியைப் பாருங்கள்: கனமான ஒற்றைக் குழாய், இரண்டு முனையிலும் தடித்த வளையம், நடுவில் ஒரு இணைப்பும் கிடையாது. தூக்க இரண்டு பேர் வேண்டும், வைக்க லாரி வேண்டும். நெடுந்தூரத்துக்கு வண்டியைத் தூக்கிச் செல்ல பிளாட்பெட் லாரியே நல்லது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளில் என்ஜின் நின்றால் கியர்பெட்டிக்கு எண்ணெய் ஏற்றும் பம்பும் நின்றுவிடும், சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளே காயும். மின்சாரக் கார்களில் சக்கரத்தோடு மோட்டாரும் சேர்ந்து சுற்றும். இந்த இரண்டையும் தரையில் உருட்டி இழுக்கவே கூடாது. நான் யோசித்தது சாதாரண கியர் வண்டிக்கு, நின்ற இடத்திலிருந்து அடுத்த பட்டறை வரைக்கும், 24 கி.மீ. வேகத்தில்.

அமெரிக்காவில் மோட்டார் ஹோம் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள பெரிய வண்டி) வைத்திருப்பவர்கள் அதன் பின்னால் தங்கள் காரை நான்கு சக்கரமும் தரையில் ஓட இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்தும் கம்பி வி வடிவில் இருக்கும். முன்வண்டியில் ஒரே பிடி, பின்வண்டியில் இரண்டு பிடி. இரண்டு கைகளும் தனித்தனியாக நீளும், குறுகும். கார் கொஞ்சம் கோணலாக நின்றாலும் கைகளை நீட்டி மாட்டிவிடலாம். வண்டியை மெல்ல நகர்த்தினால் ஒவ்வொரு கையும் முழு நீளத்துக்குப் போய்த் தானாகப் பூட்டிக்கொள்ளும். எவ்வளவு அழகான யோசனை என்று நான் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பின்வண்டியில் ஆள் உட்காரவே தேவையில்லை, முக்கோணம் தானே சக்கரங்களைத் திருப்பிக்கொள்ளும். ஆனால் அந்தக் கார்களின் சேஸியில் முன்கூட்டியே இரண்டு பிடிகளை போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். நம் ஊர்க் காரில் இருப்பது, பம்பரில் ஒரு சின்ன மூடியைக் கழற்றி முறுக்கி மாட்டும் ஒரே ஒரு கொக்கி. அதுவும் நடுவில் இருக்காது, ஒரு ஓரமாக இருக்கும். சில ஐரோப்பிய வண்டிகளில் இடமரை வேறு. வழக்கம்போல் திருப்பினால் கழன்று வந்துவிடும். வி வடிவத்தை அங்கே மாட்ட வழியில்லை. ஒற்றைக் கம்பி, பின்வண்டியில் லைசென்ஸ் உள்ள ஒரு ஆள். இதுதான் நமக்கு.

"இது ஒடையலைன்னா வேற என்ன ஒடையுமுங்க?"

நான் முதலில் வரைந்தது வலுவான கம்பி. வெளிக்குழாய் 50-க்கு 50 சதுர டியூப், 4 மி.மீ. கனம். அதற்குள் 40-க்கு 40. குறுக்கே செருகிப் பூட்ட 16 மி.மீ. பின் (pin). முனைகளில் தடித்த தகடு. எடை 15 கிலோவை ஒட்டி வந்தது. டிக்கியில் வைக்கலாம், ஆனால் இரவில் சாலையோரத்தில் ஒரு ஆள் ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் பின் செருகும் எடை அல்ல. சரி, வலுவுக்குக் கொடுக்கும் விலை என்று நினைத்துக்கொண்டு, கோவை கணபதியில் எனக்குப் பழக்கமான லேத்துப் பட்டறைக்கு வரைபடத்தை எடுத்துப் போனேன்.

அங்கே இருக்கும் அண்ணா காகிதத்தைக் கையில் வாங்கினால் உடனே பேச மாட்டார். ஒவ்வொரு அளவின் மேலும் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போவார். அன்றைக்கும் அப்படித்தான். கடைசிவரைக்கும் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் கெட்டியாப் போட்டிருக்கீங்க அம்மணி. நல்லதுதான், இது ஒடையாது. இது ஒடையலைன்னா வேற என்ன ஒடையுமுங்க?" என்றார்.

"கொக்கிதாங்ணா."

"கொக்கி போனா பம்பரு போகும், மரை புடிச்சிருக்கற எடம் போகும். அறுந்த கொக்கி எங்க போயி அடிக்கும்னு யாருக்குத் தெரியும்? ஒடையோணும்னா எங்க ஒடையோணும்னு நீங்களே எழுதிக் குடுத்துருங்க. நான் அங்க மட்டும் சன்னமாப் போட்டுத் தர்றேன்."

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கு அதற்கு மேல் அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கத் தோன்றவில்லை. கம்பி எவ்வளவு தாங்க வேண்டும் என்ற கேள்வியைத்தான் நான் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். தாங்குவதற்கு ஒரு உச்சவரம்பு வேண்டும் என்பதை அவர் ஒரே கேள்வியில் சொல்லிவிட்டார். விமான நிலையத்தில் ஜன்னலோர இருக்கையிலிருந்து பார்த்திருப்பீர்கள், ஒரு சின்ன டிராக்டர் விமானத்தின் முன்சக்கரத்தில் நீளமான கம்பியை மாட்டிப் பின்னால் தள்ளிக்கொண்டு போகும். அந்தக் கம்பியின் தலைப்பகுதியில் அளவறிந்து செய்த மெல்லிய பின்கள் இருக்கும். டிராக்டர் அளவுக்கு மீறித் திருப்பினாலோ தள்ளினாலோ முதலில் அந்தப் பின்தான் வெட்டுப்படும். விமானத்தின் முன்சக்கரக் காலுக்கு ஒன்றும் ஆகாது. இதை நான் படித்திருக்கிறேன், படமும் பார்த்திருக்கிறேன். காருக்கும் அது வேண்டும் என்று எனக்குச் சொன்னது கணபதியில் இருக்கும் பட்டறைதான்.

வீட்டு மின்சாரத்துக்கு ஃப்யூஸ் கம்பி எப்படியோ அப்படி. அப்படியென்றால் எத்தனை கிலோவில் அது போக வேண்டும்?

2022 வரை நடப்பில் இருந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் 1005/2010 என்ற ஒழுங்குமுறை, காரில் இருக்கும் இழுவைக் கொக்கி எவ்வளவு தாங்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. வண்டி சுமை ஏற்றி அதிகபட்சம் இருக்கக்கூடிய எடையில் பாதி. இழுத்தாலும் அவ்வளவு தாங்க வேண்டும், தள்ளினாலும் அவ்வளவு தாங்க வேண்டும். எங்கள் கார் மாதிரி ஒன்றுக்குச் சுமையோடு 1,500 கிலோ என்றால் கொக்கிக்கு 750 கிலோ. கயிற்றின் அந்த வெட்டு 900-ஐத் தொட்டது என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது எனக்கு உடம்பு ஒரு கணம் கூசியது. ஆக, கம்பியின் ஃப்யூஸ் 550-க்கு மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு அழுத்தமான பிரேக்கிலும் போய்விடும். 750-க்குக் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கொக்கி போய்விடும். சாதாரண மைல்டு ஸ்டீலில் 4 மி.மீ. பிரைட் பார் (வழவழப்பாக இழுத்த கம்பி) துண்டு, இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் வெட்டுப்படும்படி மாட்டினால், 630-க்கும் 750-க்கும் நடுவில் எங்கேயோ அறும். ஒரே பாரிலிருந்து வெட்டிய துண்டுகளை ஜாக்கியும் பிரஷர் கேஜும் வைத்த சட்டத்தில் மாட்டி அழுத்திப் பார்த்தோம், எல்லாம் 650-க்கும் 700-க்கும் நடுவிலேயே போயின. அத்தனை இரும்புக்கும் எல்லை போட்டது 4 மி.மீ. துண்டு ஒன்று.

பின் அறுந்தால் கம்பி கையை விட்டுப் போய்விடக் கூடாது. அதற்காக உள்குழாயில் 12 மி.மீ. இ.என்.8 (மைல்டு ஸ்டீலைவிட வலுவான எஃகு) பின் ஒன்று 40 மி.மீ. நீளக் காடிக்குள் (நீள்துளைக்குள்) நடுவில் நிற்கிறது. 4 மி.மீ. பின் அதை அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கும். சின்னது அறுந்ததும் பெரியது காடிக்குள் முன்னும் பின்னும் ஓடும். காடியின் இரண்டு முனையிலும் லாரி சஸ்பென்ஷனுக்குப் போடும் வகை ரப்பர் புஷ்ஷிலிருந்து (உறை வளையத்திலிருந்து) வெட்டிய துண்டுகள் அடியை வாங்கிக்கொள்ளும். இரண்டு வண்டியிலும் டகடகவென்று சத்தம் கேட்கும். ஓட்டுகிறவர்கள் ஓரமாக நிறுத்தி, புதுப் பின்னைச் செருகிவிட்டுப் போகலாம்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒரு லாபம் கிடைத்தது. கம்பிக்குள் 700 கிலோவுக்கு மேல் விசை நின்று ஓட வழியில்லை என்று ஆனதும், மற்ற பாகங்களுக்கு அவ்வளவு கனம் தேவைப்படவில்லை. வெளிக்குழாய் 40-க்கு 40, 3 மி.மீ. கனம், உள்குழாய் 32-க்கு 32, 2 மி.மீ. கனம் போதும். மொத்த எடை 9 கிலோவுக்குள் வந்துவிட்டது. மெல்லிய ஒரு இடத்தை வேண்டுமென்றே வைத்ததால்தான் கம்பி முழுக்கச் சின்னதாக முடிந்தது. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

நீளம் எவ்வளவு

எல்லோரும் கேட்டது, இன்னும் நீட்ட முடியுமா என்பது. சித்தப்பா 2.4 மீட்டர் வேண்டும் என்றார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. கொக்கிகள் ஓரத்தில் இருப்பதால், முன்வண்டியில் இடப்பக்கமும் பின்வண்டியில் வலப்பக்கமும் அமைந்துவிட்டால் 70 செ.மீ. குறுக்கு வித்தியாசம் வரும். 1.8 மீட்டர் கம்பி அப்போது 23 பாகை கோணலாக நிற்கும். 550 கிலோ தள்ளுவிசையில் 200 கிலோவுக்கு மேல் கொக்கியைப் பக்கவாட்டில் வளைக்கப் போகும். 2.4 மீட்டர் என்றால் கோணம் 17 பாகையாகக் குறையும். திரும்பும்போதும் நீளமான கம்பி வசதி, முன்வண்டியின் பின்மூலை பின்வண்டியில் இடிக்காது.

ஆனால் ஆய்லர் விடமாட்டார். அந்த உள்குழாயையே முழு நீளத்துக்கும் கணக்கில் எடுத்தால் 1.8 மீட்டரில் 2.2 டன் வரை வளையாமல் நிற்கும். 2.4 மீட்டரில் அது 1.2 டன்னாக இறங்கிவிடும். காகிதத்தில் 700 கிலோவுக்கு 1.2 டன் போதும்தான். காகிதத்தில் இருக்கும் குழாய் நேராக இருக்கும், பட்டறையிலிருந்து வருவது அப்படி இருக்காது. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாயில் 2 மி.மீ. இடைவெளி இருக்கிறது. 20 செ.மீ. உள்ளே நுழைந்து நிற்கும்போது அந்த 2 மி.மீ., வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் 80 செ.மீ.யின் நுனியில் 8 மி.மீ. கோணலாகிவிடும். நைலான் பட்டை ஒட்டி இடைவெளியை அடைக்கலாம் என்றால், கடையில் வாங்கும் டியூபின் உள்ளே ஒரு பக்கம் நெடுக வெல்டிங் மேடு ஓடுகிறது. அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு மற்ற மூன்று பக்கங்களில் பட்டையை ரிவெட் அடித்தோம். ஆட்டம் குறைந்தது, முழுவதும் போகவில்லை. இதற்கெல்லாம் ஈடுகொடுக்க மூன்று மடங்காவது மிச்சம் வேண்டும் என்பது என் கருத்து. அதனால் 1.8 மீட்டரோடு நிறுத்திவிட்டேன். 1.4, 1.6, 1.8 என்று மூன்றே நிலைகள். மடக்கினால் ஒரு மீட்டரும் கொஞ்சமும். சின்னக் காரின் டிக்கியில் மூலைக்கு மூலையாகப் படுத்துக்கொள்கிறது. கொக்கிகள் எதிரெதிர்ப் பக்கம் அமைந்தால் பின்வண்டியை அரை மீட்டர் ஒதுக்கி ஓட்டி வரச் சொல்ல வேண்டும். அகலமான சாலையில் அது முடிகிற காரியம்தான். சித்தப்பாவுக்கு இன்னும் இதில் சம்மதமில்லை.

அனுசரிப்பை நான் அதிகமாக வைத்தது நீளத்தில் அல்ல, முனைகளில். பொலேரோவின் பின்கொக்கிக்கும் எங்கள் காரின் முன்கொக்கிக்கும் தரையிலிருந்து அளந்தால் 20 செ.மீ. வித்தியாசம். பிரேக் போடும்போது பின்வண்டி கம்பி வழியாக முன்வண்டியை மேல்நோக்கித் தள்ளும். 550 கிலோவில் 60 கிலோ அளவுக்கு பொலேரோவின் பின்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும், அதாவது சரியாகப் பிரேக் பிடிக்க வேண்டிய நேரத்தில் பின்சக்கரத்தின் பிடியைக் குறைக்கும். 60 கிலோவை பொலேரோ பொறுத்துக்கொள்ளும். ஒரு மினி லாரிக்கும் சின்னக் காருக்கும் நடுவில் 50 செ.மீ. வித்தியாசம் வந்தால் நான் மாட்ட மாட்டேன். முனையில் இருக்கும் யு வடிவக் கவ்வி இடவலமாக நன்றாகத் திரும்பும், மேல் கீழாக 15 பாகை வரைதான் போகும். அதற்கு மேல் போக விடாமல் தகட்டிலேயே தடுப்பு வைத்துவிட்டோம். கம்பி மாட்டவில்லை என்றால் அந்த இரண்டு வண்டியும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது என்று அர்த்தம்.

கவ்வியில் செருகும் பின் கொக்கியின் ஓட்டைக்குள் தொளதொளவென்று இருந்தால் கயிற்றின் வெட்டு சின்ன அளவில் திரும்பி வந்துவிடும். ஒவ்வொரு கம்பெனிக்காரரும் ஒரு அளவில் ஓட்டை வைக்கிறார்கள். அதற்கு நைலானில் மூன்று அளவில் புஷ் கடைந்து, எது இறுக்கமாக உட்காருகிறதோ அதைப் போட்டுக்கொள்ளும்படி செய்தோம். சின்ன வேலை, ஆனால் ஓட்டிப் பார்க்கும்போது அதிகமாகத் தெரிந்த வித்தியாசம் இதுதான். பட்டறைக்குப் பின்னால் இருக்கும் காலி மனைச் சாலையில் சித்தப்பா முன்னாலும் நான் பின்னாலும் ஓட்டினோம். அவர் பிரேக் போட்டால் என் வண்டியும் அதோடு நின்றது. நான் பிரேக்கைத் தொடவே இல்லை. கிளம்பும்போது புஷ் இல்லாமல் ஒரு சின்ன இடி, புஷ் போட்ட பிறகு அதுவும் இல்லை.

அந்த 4 மி.மீ. பின்

இப்போது என்னைத் தூங்க விடாமல் இருப்பது இரும்பு அல்ல, பழக்கம். பின் ஒரு தடவை அறுந்தால், இரண்டாவது தடவையும் அறுந்தால், அந்த ஓட்டையில் வேறு எதையாவது செருகத்தான் எல்லோருக்கும் கை போகும். உடைந்த டிரில் பிட்டின் தண்டு 4 மி.மீ.யில் எந்தப் பட்டறையிலும் கிடைக்கும். அதை மாட்டிவிட்டால் பின் அறவே அறாது. அப்புறம் என் கணக்கு முழுவதும் வீண், மெல்லிய குழாய்தான் வளையும், அல்லது கொக்கி பிடுங்கிக்கொண்டு வரும். ஓட்டையைப் பெரிதாக்காமல் இருக்க கடினப்படுத்திய புஷ் போட்டாகிவிட்டது, ஆனால் உள்ளே போகும் உலோகம் எது என்று ஓட்டையால் பார்க்க முடியாது.

அண்ணாவிடம் இதைச் சொன்னபோது, எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டலாமா என்று கேட்டேன். "ஸ்டிக்கரை யாருங்க படிப்பாங்க? கைக்குப் பக்கத்துல எது இருக்குதோ அதைத்தான் போடுவாங்க. சரியான பின்னைக் கைக்குப் பக்கத்துல வெச்சுருங்க" என்றார். வெளிக்குழாயின் பின்முனை எப்படியும் காலிதான். அங்கே ஒரு பிளாஸ்டிக் மூடி போட்டு, உள்ளே ஒரு சின்ன டப்பாவில் ஆறு பின்களை எண்ணெய் தடவி வைத்திருக்கிறோம். ஆறும் தீர்ந்துவிட்டதென்றால் ஓட்டுவதில்தான் ஏதோ கோளாறு, அன்றைக்கு பிளாட்பெட்டைக் கூப்பிட வேண்டியதுதான்.

அடுத்து செய்ய வேண்டியது கவ்வியின் அளவுகளை இறுதி செய்வது. அதற்கு என் கையில் எங்கள் வீட்டு வண்டிகளின் அளவும் பட்டறைக்கு வரும் வண்டிகளின் அளவும் மட்டும்தான் இருக்கின்றன. உங்கள் வண்டியின் கையேட்டில் இழுவைக் கொக்கி எங்கே இருக்கிறது என்று படம் போட்டிருப்பார்கள். கொக்கியை ஒரு தடவை முறுக்கி மாட்டிப் பாருங்கள். அவசரத்தில் மரை எந்தப் பக்கம் என்று தேடாமல் இருக்க அதுவே உதவும். தரையிலிருந்து கொக்கி ஓட்டையின் மையம் வரை எத்தனை செ.மீ., ஓட்டையின் உள்விட்டம் எவ்வளவு, வண்டியின் நடுவிலிருந்து எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளி இருக்கிறது, இந்த மூன்றையும் முன்னுக்கும் பின்னுக்கும் அளந்து வண்டியின் பெயரோடு எழுதி அனுப்பினால், 15 பாகைக்குள் எந்த வண்டியும் எந்த வண்டியும் சேரும் என்று ஒரு அட்டவணை போட்டு வரைபடத்தோடு சேர்த்து இங்கேயே வைத்துவிடுகிறேன். மலைப்பாதையில் கிரேன் ஓட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், கொண்டை ஊசி வளைவில் கம்பி எவ்வளவு பாகை வரை திரும்ப வேண்டியிருக்கிறது என்று சொல்லுங்கள். கவ்வியின் இடவலத் திருப்பத்தை இப்போதைக்கு 60 பாகையில் நிறுத்தியிருக்கிறேன்.